செயற்கைப் பூசணிக்கு முகம் வைப்பது எப்படி?

குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்பு கேட்டு வரும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதி மாலை வட அமெரிக்காவின் குடியிருப்புத் தெருக்களில் நடந்தால் வாசலுக்கு வாசல் பூசணிகள் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவை குடைந்து உள்ளே விளக்கு வைத்த நிஜப் பூசணிகள். நடுநடுவே ஒன்றிரண்டு வேறு மாதிரி இருக்கும்: புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கி, போகிற வருகிறவர்களைக் கடைக்கண்ணால் அளந்துகொண்டிருக்கும் கிழட்டு முகங்கள். செயற்கைப் பூசணியின் மேல் களிமண் ஒட்டி, முகம் பிடித்து, வண்ணம் தீட்டி அவற்றைச் செய்கிறார்கள். அப்படி ஒன்றை முதல்முறையாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கான கட்டுரை இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூசணியை யாரும் கையில் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. வாசற்படியில், அரை இருட்டில், மேலிருந்து விழும் ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில், பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்ப்பார்கள். அந்தத் தூரத்தில் முகத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல்தான். நிறம் அதற்குத் துணை. புதிதாகச் செய்பவர்கள் களிமண்ணை மெல்லிசாக அப்பிவிட்டு, மீதியைப் பெயிண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மேசைமேல் இருக்கும்வரை அது அழகாகத்தான் இருக்கும். வாசலுக்குப் போனதும் வெறும் ஆரஞ்சு உருண்டையாகிவிடும். கீழே சொல்லும் யோசனைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லப்பட்டவை.

எந்தப் பூசணி வாங்குவது

நிஜப் பூசணியின் மேல் அக்ரிலிக் பெயிண்ட் நன்றாகவே பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்துத் தீட்டினால், குடையாத பூசணி சில வாரங்கள் தாங்கும். ஆனால் அதன்மேல் களிமண் வேலை செய்வது வீண். உள்ளே அழுக ஆரம்பித்ததும் தோல் தளர்ந்து, ஒட்டிய மூக்கும் புருவமும் கழன்று விழுந்துவிடும். காய்கறியில் வெட்டிய முகம் நிலைக்காது என்பது இந்த வழக்கத்தோடு கூடவே வந்த தொல்லை. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் செய்துவந்தார்கள்; பூசணி அவர்களுக்கு இங்கே கிடைத்த பெரிய, குடைய எளிதான மாற்று. டொனிகல் பகுதியின் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லை இளித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய முகத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைய பூசணிகள் பலவற்றைவிட அது அதிகம் பயமுறுத்தும்.

கடைகளில் செயற்கைப் பூசணிகள் கோடை முடிவதற்குள்ளேயே வந்துவிடும். பொதுவாக நான்கு வகை. முதலாவது, ஆரஞ்சுத் தோல் போர்த்திய தெர்மாகோல். மிக மலிவு, மிக லேசு. காம்பைச் சுற்றியோ அடியிலோ உற்றுப் பார்த்தால் வெள்ளை மணிகள் தெரியும். இரண்டாவது, குடைவதற்கென்றே செய்த கெட்டி ஃபோம் பூசணி. பாலியூரித்தேனில் வார்த்தது, உள்ளே கூடாக இருக்கும், சுவர் ஒரே சீராக இருக்கும், கத்தி வழுக்காமல் இறங்கும். மூன்றாவது, பிளாஸ்டிக். நான்காவது, காகிதக்கூழ். முதல் வேலைக்கு இரண்டாவது வகையில் ஒன்பது அங்குல உயரமுள்ள ஒன்றை வாங்குங்கள். அதைவிடச் சிறியதில் விரல் புழங்காது. பெரியதில் களிமண் செலவு கையைக் கடிக்கும். பிளாஸ்டிக்கில் எதுவும் எளிதில் ஒட்டாது என்பதால் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

தெர்மாகோல்தான் கிடைத்தது என்றால் ஓர் எச்சரிக்கை. சாதாரண ஸ்பிரே பெயிண்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அடித்த சில நொடிகளில் மேற்பரப்பு குழிந்து சுருங்கும். அதிகச் சூட்டில் இயங்கும் பசைத் துப்பாக்கியும் அதையே செய்யும். குறைந்த சூட்டு வகையைப் பயன்படுத்துங்கள். தண்ணீரில் கரையும் பெயிண்டும் வெள்ளைப் பசையும் ஆபத்தில்லாதவை.

வாங்கும்போது வரிகள் ஆழமாக இருக்கும் பூசணியாகப் பாருங்கள். காம்பு கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வட்டமாக இருப்பதில் முகம் உட்காராது.

எந்தக் களிமண்

கடையில் களிமண் வரிசைக்கு முன்னால் நின்றால் குழப்பம்தான் வரும். விஷயம் எளிது.

காற்றில் உலரும் காகிதக் களிமண் மலிவானது, கையில் பிசைய இதமானது. ஆனால் காயும்போது சுருங்கும். அடியில் இருக்கும் பூசணி சுருங்காது. ஆகவே தடிமனாகப் பூசிய இடத்தில் எல்லாம் வெடிப்பு விடும். மெல்லிய அடுக்காகப் பூசி, காயவிட்டு, வெடித்த இடத்தைத் தண்ணீரில் கரைத்த அதே களிமண்ணால் அடைத்து, மறுபடி ஓர் அடுக்கு என்று போகலாம். பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே போதும். மழையில் மட்டும் தாங்காது.

க்ரயோலாவின் மாடல் மேஜிக் போன்ற பஞ்சுக் களிமண் குழந்தைகளோடு சேர்ந்து செய்ய ஏற்றது. எடையே இருக்காது, அவ்வளவாக வெடிக்காது. நுணுக்கமான கோடு மட்டும் அதில் நிற்காது. எல்லாம் கொஞ்சம் மழுங்கிப்போய், பொம்மைத்தனமாகத் தெரியும். சிரிக்கும் பூசணிக்கு அது குறையே இல்லை.

முகம் என்று சொல்லத்தக்க முகம் வேண்டுமென்றால் இரண்டு பகுதிகளைக் கலந்து பிசையும் எப்பாக்ஸிதான் என் தேர்வு. அபாக்ஸி ஸ்கல்ப்ட், மில்லிபுட் போன்றவை இந்த வகை. குழாய்க் கசிவை அடைக்க நம் வீடுகளில் வாங்கும் எம்-சீலும் இதே குடும்பம்தான், ஆனால் சிற்ப வேலைக்கு அது சீக்கிரம் இறுகிவிடும். இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு எடுத்து, நிறத்தில் கோடு எதுவும் தெரியாதவரை பிசைய வேண்டும். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். அபாக்ஸி ஸ்கல்ப்டில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் வேலை செய்யலாம். 24 மணி நேரத்தில் கல்லாகிவிடும். சுருங்காது, வெடிக்காது, மழைக்கும் அசையாது. கலந்து இறுகாத நிலையில் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம். சமையலறைக் கரண்டியும் தட்டும் இந்த வேலைக்கு வரக்கூடாது.

அடுப்பில் சுடும் பாலிமர் களிமண்ணைப் பூசணியின் மேல் வைத்துச் சுட முடியாது. பற்கள், கொம்பு போன்றவற்றைத் தனியாகச் செய்து, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் சூட்டில் சுட்டெடுத்துப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

இவை போக வேண்டியவை: 25 மில்லிமீட்டர் மரஉருண்டைகள் இரண்டு, அலுமினியத் தாள், பல்குத்தும் குச்சிகள், உப்புத்தாள், பழைய டீஸ்பூன், முனை மழுங்கிய பின்னல் ஊசி, எழுதாமல் போன பால்பாயின்ட் பேனா, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். சிற்பக் கருவிப் பெட்டிகளை இப்போதே வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம்.

முகத்தை முடிவு செய்தல்

காகிதத்தில் வரையும் முன் ஒரு சொல்லில் முகபாவத்தைச் சொல்லிப் பாருங்கள்: முறைப்பு, நமட்டுச் சிரிப்பு, அருவருப்பு, தூக்கக் கலக்கம். ஒரு சொல்லில் அடங்காத பாவம் தூரத்திலிருந்து புரியாது. தமிழ்நாட்டில் புதிதாகக் கட்டும் வீட்டின் முகப்பில் தொங்கும் திருஷ்டிப் பூசணியை நினைத்துக்கொள்ளுங்கள். பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு, இரண்டு கோரைப்பல், அவ்வளவுதான். தெருவில் பஸ்ஸில் போகிறவருக்கும் அது எட்டிவிடுகிறது. வரைந்தவருக்கு எதைப் பெரிதாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இன்னொரு பக்கம், மிஷிகனில் ஓவிய ஆசிரியராக இருந்து பூசணிச் சிற்பத்துக்கு வந்த ரே வில்லஃபேன் நிஜப் பூசணிகளின் தடித்த சதையில் செதுக்கிய முகங்களைப் பாருங்கள். முகத்தின் ஒரு பக்கம் இழுபட்டால் கன்னமும் மூக்கும் இமையும் சேர்ந்து இழுபடுவதை அவற்றில் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு முறைக்கும் கிழவரை எடுத்துக்கொள்வோம். சுருக்கம் நிறைய இருப்பதால் கைப்பிழைகள் அதில் மறைந்துவிடும். அழகான இளமுகம் செய்வதுதான் கஷ்டம்.

பூசணியைச் சுற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் கொஞ்சம் தட்டையாகவோ கோணலாகவோ இருக்கிறதோ அதை முகமாக்குங்கள். படியிலோ தரையிலோ வைக்கப்போகிறீர்கள் என்றால் பார்ப்பவர் கண் மேலிருந்து கீழே வரும். ஆகவே கண்களை நடுக்கோட்டுக்குச் சற்று மேலே குறியுங்கள். உயரமான திண்ணையில் வைப்பதாக இருந்தால் நடுக்கோட்டிலேயே இருக்கட்டும். இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு கண் அகலம் இடைவெளி.

களிமண்ணில் கை வைக்கவே தயக்கமா? பூசணியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காம்பை மூக்காக்கிவிடுங்கள். இரண்டு கண், ஒரு வாய் மட்டும் சேர்த்தால் போதும். வேலை பாதியாகக் குறையும். கோணல் காம்பாக இருந்தால் கைதேர்ந்தவர் செய்த மூக்கைவிட நன்றாக இருக்கும்.

கண்ணும் புருவமும்

முகம் வரும் பகுதி முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, வழவழப்பை எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோம் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது. பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

கண் வரும் இடத்தில் கத்தியால் வட்டம் கீறி, டீஸ்பூனால் குழி எடுங்கள். மரஉருண்டை பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போக வேண்டும். சுவர் மெல்லியதாக இருந்து ஓட்டை விழுந்தாலும் கவலை இல்லை. கொஞ்சம் எப்பாக்ஸியை அடைத்து அதன்மேல் உருண்டையை அமுக்கலாம். இரண்டு உருண்டைகளும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று மேலிருந்து குனிந்து பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இந்தக் குறை தெரியாது, வண்ணம் தீட்டிய பிறகுதான் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இனி இமை. பென்சில் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டையாக்குங்கள். அதைப் பிறைபோல் வளைத்து உருண்டையின் மேல்பகுதியில் போர்த்துங்கள். உருண்டையில் தெரியும் பகுதியின் மேல் மூன்றில் ஒரு பங்காவது மூடியிருக்க வேண்டும். இமையின் கீழ்விளிம்பைக் கூர்மையாக விடுங்கள், மழுப்ப வேண்டாம். அந்த விளிம்பு கண்மேல் போடும் மெல்லிய நிழல் இல்லாவிட்டால் கண் ஒட்டவைத்த பொத்தானாகவே நிற்கும். மேல்விளிம்பை மட்டும் ஈர விரலால் பூசணித் தோலோடு இழைத்துவிடுங்கள். கீழ் இமைக்கு இன்னும் மெல்லிய திரி. அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பிறை வைத்தால் தூக்கமில்லாத பை வந்துவிடும். முறைப்புக்கு மேல் இமையை மூக்குப் பக்கம் தாழ்த்துங்கள். அதையே வெளிப்பக்கம் தாழ்த்தினால் அதே முகம் அழுகிறது.

புருவ மேட்டில் கஞ்சத்தனம் கூடாது. முக்கால் அங்குலமாவது வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அத்தனையும் களிமண்ணாக வைத்தால் எடை கூடி முகம் முன்னால் சாயும். ஆகவே அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கிக் கரு செய்துகொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று பல்குத்தும் குச்சிகளைச் செருகி, குச்சியின் மறுமுனையைப் பசை தொட்டுப் பூசணியில் இறக்கி, மேலே கால் அங்குலத்துக்குக் களிமண் போர்த்துங்கள். இரண்டு புருவங்களும் சேரும் இடத்தில் செங்குத்தாக இரண்டு மடிப்பு போட்டால் கோபம் இறங்கிவிடும்.

இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைப் பூசணிக்கு மேலே இரண்டடி உயரத்தில் பிடித்து, வேறொருவரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். புருவத்தின் நிழல் கண்ணில் பாதிவரை விழுந்திருந்தால் சரி. கண் முழுவதும் இருட்டில் மூழ்கினால் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். நிழலே இல்லையென்றால் இன்னும் தள்ளுங்கள். களிமண் இறுகும் முன் இந்தச் சோதனையை ஒவ்வொரு உறுப்புக்கும் செய்ய வேண்டும். இதற்குச் செலவாகும் நேரம், பெயிண்ட் வேலையில் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

மூக்கு, வாய், சுருக்கம்

மூக்குக்கும் அதே அலுமினியக் கருதான். முதலில் நடுத்தண்டு, பிறகு நுனி உருண்டை, கடைசியில் இரண்டு பக்கமும் மூக்கு மடல். துவாரத்தைப் பேனா முனையால் குத்தி, மேல்நோக்கி லேசாகத் திருகினால் போதும். நுனி கீழே வளைந்து வாய்மேல் நிழல் போட்டால் வயது கூடும்.

வாய்க்கு முதலில் பள்ளம் எடுங்கள், பிறகுதான் உதடு. பள்ளமில்லாமல் உதட்டை ஒட்டினால் இரண்டு புழுக்கள் படுத்திருப்பதாகத்தான் தெரியும். முறைப்புக்கு வாய்க்கோட்டின் இரு முனைகளும் கீழே இறங்க வேண்டும். கீழ் உதடு மேல் உதட்டைவிட முன்னால் வரவேண்டும். பல் வைப்பதாக இருந்தால் இரண்டோ மூன்றோ, அதுவும் அளவிலும் சாய்விலும் வேறுவேறாக. வரிசையான பல் விளம்பரத்துக்கு நல்லது, பூசணிக்கு ஆகாது.

எல்லா உறுப்புகளும் உட்கார்ந்ததும், விளிம்புகளைத் தோலோடு இழைப்பதுதான் பெரிய வேலை. எப்பாக்ஸி என்றால் தண்ணீர் தொட்ட விரல் போதும். பூசணியின் செங்குத்து வரிகள் நெற்றியில் வந்து புருவத்தில் மோதி நிற்கக்கூடாது. பின்னல் ஊசியால் அந்த வரிகளைக் களிமண் மேலும் இழுத்து, புருவத்தைத் தாண்டி, கன்னத்தில் தொடரவிடுங்கள். பூசணியே முகமாக முளைத்தது என்ற எண்ணம் இந்த ஒரு செயலில்தான் வருகிறது. பார்க்கிற பலரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் மட்டும், ஏதோ ஒட்டவைத்தது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுருக்கங்களுக்கு அவசரப்படாதீர்கள். கலந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து எப்பாக்ஸி கொஞ்சம் விறைப்பான பிறகு கீறினால் கோடு அப்படியே நிற்கும். நேரடியாகக் கீறிய கோடு கத்தி வெட்டாகத் தெரியும். அதனால் மெல்லிய பிளாஸ்டிக் உறையை முகத்தின்மேல் விரித்து, அதன்மேல் பின்னல் ஊசியால் அழுத்திக் கோடு போடுங்கள். இரு கரைகளும் தானாக உருண்டு, உண்மையான சதை மடிப்பாகிவிடும். கண்ணோரத்தில் விசிறியாக நான்கைந்து, மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் வரை ஆழமாக ஒன்று, நெற்றியில் வளைந்து வளைந்து சில. கோடுகள் ஒரே ஆழத்தில் இருக்கக்கூடாது. தோல் கரகரப்புக்குப் பழைய பல்துலக்கியால் தட்டலாம், ஆரஞ்சுப் பழத்தோலை வைத்து அமுக்கலாம். மருக்களுக்குச் சிறு உருண்டைகள் மூன்று போதும், கூட்டமாக ஒரு பக்கம் மட்டும்.

காம்பு மழமழவென்று பிளாஸ்டிக்காக இருந்தால் அதையும் விடாதீர்கள். நீள நீளமாகத் திரிகளை அடியிலிருந்து முறுக்கி ஏற்றினால் காய்ந்த காம்பாகிவிடும்.

ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். காகிதக் களிமண் என்றால் இரண்டு மூன்று நாள். தொட்டால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது. ஹேர் டிரையரை வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

வண்ணம்

முதலில் பெயிண்டுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு: தண்ணீரில் கரையும் பிரைமர் அல்லது ஜெஸ்ஸோ ஒரு பூச்சு. பூசணியின் ஆரஞ்சும் களிமண்ணின் சாம்பலும் ஒரே நிறமாகிவிடும். அப்போதுதான் இழைக்காமல் விட்ட விளிம்புகள் பல்லைக் காட்டும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு. பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியாகப் படியாது. அக்டோபர் மாதத்துக் குளிரில் கராஜில் உட்கார்ந்து தீட்டாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

அடுத்தது பலருக்கும் மனம் வராத காரியம்: பூசணி முழுவதையும் கரும்பழுப்பு நிறத்தில் மூடிவிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பழுப்பு இறங்க வேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுவதுதான் இங்கே முறை.

பழுப்பு காய்ந்ததும் செம்பழுப்பு கலந்த ஆரஞ்சை மேடுகளில் மட்டும் பூசுங்கள், பள்ளங்களை விட்டுவிடுங்கள். பிறகு தூய ஆரஞ்சை அதைவிடக் குறைந்த இடத்தில். பிறகு ஆரஞ்சில் காவி மஞ்சள் கலந்து, இன்னும் குறைந்த இடத்தில். இந்தக் கடைசிப் பூச்சுக்குத் தூரிகையைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்ற நிலையில் மேடுகளின்மேல் குறுக்காக லேசாக உரச வேண்டும். பெயிண்ட் மேட்டில் மட்டும் ஒட்டும். தட்டிய கரகரப்பெல்லாம் அப்போது உயிர்பெறும். வெளிச்சத்துக்காக ஆரஞ்சில் வெள்ளை கலக்காதீர்கள். அது வெளுத்துச் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிவிடும். மஞ்சள்தான் ஆரஞ்சின் வெளிச்சம்.

இடையில் எங்காவது நிழல் வெளிறிப்போனால், கரும்பழுப்பில் துளி ஊதா சேர்த்து, மூன்று நான்கு பங்கு தண்ணீர்விட்டு நீர்க்கப் பூசுங்கள். அது ஓடிப்போய்ப் பள்ளங்களில் தேங்கும். தேங்கியதும், காய்வதற்குள், ஈரத்துணியால் மேடுகளை மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. நெற்றியில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், ஒரு தடவைக்கு உள்ளங்கையளவு இடம். மொத்த முகத்துக்கும் பூசிவிட்டுத் துடைக்கத் தொடங்கினால் பாதி காய்ந்து திட்டாகிவிடும்.

மூக்கு நுனி, கன்னம், காது இருந்தால் காது ஆகியவற்றில் சிவப்பை மிக நீர்க்க ஏற்றுங்கள். கண் குழியில் ஊதா. தாடையடியில் துளி பச்சை. நிறம் மாறியது என்று தெரியக்கூடாது, ரத்த ஓட்டம் இருப்பதாகத் தெரிய வேண்டும். காம்புக்குப் பச்சை கலந்த பழுப்பு, மேலே வெளிர் மண்நிறத்தில் ஓர் உரசல். பற்களுக்குத் தந்தநிறம், ஈறோரம் பழுப்பு.

கண்ணைக் கடைசியில் வையுங்கள். சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியாகச் செய்யும் நம் சிற்பிகளின் முறை இங்கேயும் வசதியானது. முன்னாலேயே தீட்டினால் நீர்த்த பழுப்பு ஓடிக் கண்ணை அழுக்காக்கிவிடும். வெண்படலத்துக்குத் தந்தநிறம், ஓரங்களில் இளஞ்சிவப்பு. கருவிழியைத் தீட்டும் முன், கறுப்புக் காகிதத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டி, தண்ணீர் தொட்டு ஒட்டி, பார்வை எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து பாருங்கள். நேராக வைத்தால் மந்தமாக இருக்கும், இரண்டையும் ஒரு பக்கம் ஒதுக்கினால் ஆள் உஷாராகிவிடுவார். இடம் முடிவானதும் மஞ்சள் கலந்த பச்சையில் வட்டம், அதன் வெளிவிளிம்பில் கருமை, நடுவே கறுப்புப் புள்ளி. கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் மறைய வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் கிழவர் திடுக்கிட்டுப் போயிருப்பார். கடைசியாக ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு கண்களிலும் ஒரே பக்கம், வாசல் விளக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

பூசணி முழுவதற்கும் பளபளப்பில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு. தெர்மாகோலாக இருந்தால் இதுவும் ஸ்பிரேயாக இல்லாமல் தூரிகையால் பூசுவதாக இருக்கட்டும். அது காய்ந்த பிறகு கண், கீழ் உதடு, பல் ஆகியவற்றில் மட்டும் பளபளப்பான வார்னிஷ். மங்கிய முகத்தில் ஈரக் கண் இரண்டு மின்னும்போதுதான் சாக்லேட் வாங்க வந்த குழந்தை ஓர் அடி பின்வாங்கும்.

வாசலில் வைப்பது

முகத்தின் எடை முன்னால் இழுக்கும். அடியில் கையளவு ஓட்டை போட்டு, சிறு பையில் மணலோ கூழாங்கல்லோ கட்டி உள்ளே பின்பக்கமாக வைத்து ஒட்டிவிடுங்கள். காற்றுக்கும் அதுதான் காப்பு. உள்ளே விளக்கு வேண்டுமென்றால் எல்.இ.டி. மட்டும், ஃபோமுக்குள் மெழுகுவத்தி ஏற்றுவது தீயை வீட்டுக்கு அழைப்பது. என்னைக் கேட்டால், களிமண் முகத்துக்கு உள்விளக்கே வேண்டாம். குடைந்த பூசணிக்குத்தான் உள்ளிருந்து வெளிச்சம் வேண்டும். இதற்கு வெளியே, மேலேயும் கொஞ்சம் பக்கத்திலும் இருந்து ஒரே ஒரு விளக்கு. முன்னாலிருந்து நேராக அடிக்கும் விளக்கு நீங்கள் பாடுபட்டுச் செய்த நிழல்களையெல்லாம் அழித்துவிடும். கீழிருந்து மேலே அடித்தால் பேய்த்தனம் கூடும், ஆனால் புருவத்துக்கு வேலையில்லாமல் போகும்.

மிச்சமிருக்கும் சிறு பூசணி ஒன்று இருந்தால் அதை நீலப்பச்சையில் முழுக்க அடித்துக் கிழவருக்குப் பக்கத்தில் வையுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இந்த வீட்டில் இனிப்பைத் தவிர வேறு சிறு பரிசுகளும் உண்டு என்பதற்கு அது அடையாளம். டென்னசியில் உள்ளூர் முயற்சியாகத் தொடங்கிய இதை, உணவு ஒவ்வாமைக்கான ஃபேர் என்ற அமைப்பு 2014இல் நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. பென்சில், ஸ்டிக்கர், சின்னப் பந்து என்று ஒரு தனிக் கிண்ணம் வைத்தால் போதும். பூசணியை மட்டும் வைத்துவிட்டுக் கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள், நம்பி வரும் குழந்தை ஏமாந்துபோகும்.

நவம்பர் பிறந்ததும் துடைத்து, நன்றாகக் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, முகம் மேலே பார்க்கும்படி அட்டைப்பெட்டியில் வையுங்கள். குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். அக்ரிலிக் முழுவதும் இறுகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் சுற்றினால் அடுத்த வருடம் பிரிக்கும்போது முகமெல்லாம் வட்ட வட்டமாகக் குமிழ்த் தடம் பதிந்திருக்கும். பெட்டி கோடையில் கொதிக்கும் மேல்மாடியில் வேண்டாம், நிலவறை அலமாரியில் இருக்கட்டும்.